படைப்பு பிரசவம் அல்ல

கவிதைத் தொகுப்புகளின் முன்னுரையில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது. ஆசிரியர் மாறுகிறார், பதிப்பகம் மாறுகிறது, வாக்கியம் மட்டும் மாறுவதில்லை. படைப்பு என்பது ஒரு பிரசவம். இந்தக் கவிதைகள் ஒவ்வொன்றும் பிரசவ வேதனையோடு பிறந்தவை. எழுதுகிறவர் அநேகமாக ஆண். முன்னுரை எழுதித் தருகிற விமர்சகர் இன்னும் ஒரு படி மேலே போய், கருக்கொண்டு, சூல் முதிர்ந்து, பனிக்குடம் உடைந்து என்று மருத்துவச்சியின் தோரணையிலேயே பேசுகிறார். பனிக்குடம் உடைந்தால் தரையை யாராவது துடைக்க வேண்டியிருக்கும் என்பது அவருக்குத் தெரியாது.

உருவகம் தேய்ந்துபோய்விட்டது என்பதல்ல என் புகார். தேய்ந்த உருவகங்கள் நம்மிடம் ஏராளம். அவை யாரையும் தொந்தரவு செய்வதில்லை. இது பொய்யான உருவகம் என்பதும், இந்தப் பொய்க்கு ஒரு உபயோகம் இருக்கிறது என்பதும்தான் புகார். ஓர் அறைக்குள் நடப்பதை எழுதாமல் தப்பிக்க, அந்த அறையின் பெயரை மட்டும் வெளியே எடுத்துக்கொண்டு வந்துவிடுவது நல்ல வழி.

இதைப் பேச எனக்கிருக்கும் தகுதி சொற்பம். நான் பாரூர்க்காரி. கவிதைகள் எழுதியிருக்கிறேன், இந்த மாதிரிப் பத்திரிகைகளில் சில வந்திருக்கின்றன. ஒரு பிள்ளை பெற்றிருக்கிறேன். தலைப்பிரசவம், 19 மணி நேரம். இரண்டையும் செய்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கவிதை வரவில்லையென்றால் எழுந்து டீக்கடைக்குப் போகலாம். வரியை அடிக்கலாம். ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் கிழித்துப் போட்டுவிட்டு, கிழித்ததைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதலாம். நோவு எடுத்த பிறகு இவற்றில் ஒன்றுகூட இல்லை. கருப்பையின் தசை நம் சொல் கேட்பதல்ல. கையைத் தூக்குகிற மாதிரி அதைச் சுருக்கவும் முடியாது, போதும் என்று நிறுத்தவும் முடியாது. மேலேயிருந்து இறுக ஆரம்பித்து, உச்சத்துக்குப் போய், விடுகிறது. கருப்பையின் வாய் 10 சென்டிமீட்டர் திறக்கிறவரை இதே வேலை. தலைச்சன் பிள்ளைக்கு அந்த வாய் முதலில் மெலிந்து தாள் மாதிரி ஆன பிறகே திறக்கத் தொடங்குகிறது. அதனால்தான் இத்தனை தாமதம். இதில் என் பிரக்ஞைக்கு, என் சித்தத்துக்கு, என் மேதைமைக்கு வேலையே கிடையாது.

எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று உண்டு. ஒரு நோவுக்கும் அடுத்த நோவுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. வலி குறைந்து நிற்கிற நிலை அல்ல அது, முழுக்க இல்லை. காற்றில்லாத மத்தியானத்தில் எங்கள் ஏரி கிடக்கிற மாதிரி கிடந்தேன். அந்த இரண்டு மூன்று நிமிஷத்துக்குள் தூங்கி, கனவு கண்டு, விழித்திருக்கிறேன். கனவில் யாரோ போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வெள்ளாட்டுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். பேரம் படிவதற்குள் அடுத்த நோவு. காலம் பற்றியும், கணம் பற்றியும், மௌனியின் கதைகளில் காலம் உறைவது பற்றியும் நம் வட்டத்தில் எழுதப்பட்ட பக்கங்களை அடுக்கினால் ஒரு ஆள் உயரம் வரும். காலத்தின் இந்த விசித்திரம், நாள்தோறும் எத்தனையோ பெண்களுக்கு நேர்வது, அந்தப் பக்கங்கள் ஒன்றிலும் என் கண்ணில் பட்டதில்லை.

பிறகு, வாய் முழுக்கத் திறக்கப் போகிற சமயம். உடம்பு நடுங்கியது, வாந்தி வந்தது. நான் வீட்டுக்குப் போகிறேன், செருப்பை எடுத்துக் கொடுங்கள் என்றேன். நிஜமாகவே கேட்டேன். என்னுடைய சொந்தப் பைத்தியம் என்றுதான் நினைத்திருந்தேன். அப்புறம் விசாரித்தால், அந்தக் கட்டத்துக்கு வந்த பெண்கள் பலர் ஏறக்குறைய இதையேதான் சொல்லியிருக்கிறார்கள். ஒருத்தி, நாளைக்கு வந்து பெற்றுக்கொள்கிறேன் என்றாளாம். அதற்குப் பிறகு வருகிற முக்கலை நான் முக்கவில்லை. உடம்பு கீழ்நோக்கி வாந்தி எடுக்கிறது. நாம் கூட இருக்கிறோம், அவ்வளவுதான்.

பிள்ளை வெளியே வந்தபோது ஆனந்தக் கண்ணீர் வரவில்லை. நின்றுவிட்டது என்பதுதான் முதலில் தோன்றியது. மார்மேல் போட்டபோது, யார் இது என்று. என் கவிதையைப் பார்த்து நான் ஒருபோதும் யார் இது என்று கேட்டதில்லை. கவிதையில் என் விரல் பட்ட இடம் எல்லாம் எனக்குத் தெரியும். இந்த மூக்கை நான் தீர்மானிக்கவில்லை.

நம் இலக்கணம் நம் கவிஞர்களைவிட விவரமானது. எனக்கு வலித்தது என்கிறோம், எனக்குப் பிள்ளை பிறந்தது என்கிறோம். இரண்டிலும் 'நான்' எழுவாயாக இல்லை. நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கிறேன். நான் பெற்றேன் என்று சொன்னால்கூட, பெறு என்கிற வினைக்கு வாங்கிக்கொள் என்றுதான் இன்னொரு அர்த்தம். 'படைத்தேன்' என்று மார்தட்டுகிறவருக்கு இந்த வினைகளில் ஒன்றும் பொருந்தாது. அதனால்தானோ என்னவோ, அவர் பேறு, நோவு என்று ஒருபோதும் எழுதுவதில்லை. பிரசவ வேதனை என்று சமஸ்கிருதத்தில் எழுதுகிறார். வேதனையில் துணிக்கு ஒன்றும் ஆகாது.

நோவு என்ற சொல்லைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டம் ஓசூர்ப் பக்கம் கர்நாடகத்தில் முட்டுகிறது; பிரசவ அறையில் மூன்று நான்கு பாஷைகளில் கத்துவது சகஜம். எங்கள் ஜில்லாவில் நான் கிடந்த அறையில் அன்று நான்கு பேர். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரி கன்னடத்தில் நோவு என்றாள். தெலுங்குப் பெண் நொப்பி என்றாள். நான் நோவு என்றேன். கன்னடத்தில் பிரசவம் ஹெரிகெ. நம் பகரம் அங்கே ஹகரமாகும், ஆகவே நம் 'பெறு'வும் அவர்கள் 'ஹெரு'வும் ஒரே சொல். மொழிவாரி மாகாணம் 1956-இல் பிரித்துப் போட்டதை அந்த ரப்பர் ஷீட் பிரிக்கவில்லை. ஆயாவுக்கு மூன்றும் புரிந்தது, மூன்றிலும் திட்டினார். நான்காவது பெண் ஒடிசாவிலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்தவனின் மனைவி. அவள் என்ன சொன்னாலும் புரிந்துகொள்ள ஆள் இல்லாததால் கொஞ்ச நேரத்தில் சொல்வதை நிறுத்திவிட்டாள். அவளைக் காட்டி எங்களிடம் சொன்னார்கள்: பாருங்கள், அந்தப் பெண் எவ்வளவு அமைதியாக இருக்கிறது.

இந்த உருவகத்துக்கு வயது அதிகம். பிளேட்டோவின் 'தியேட்டிடஸ்' உரையாடலில் சாக்ரடீஸ் தன் அம்மா ஃபைனரெட்டி ஒரு மருத்துவச்சி என்று சொல்லி ஆரம்பிக்கிறார். தானும் அதே தொழில்தான் செய்வதாகவும், ஆனால் தான் பிரசவம் பார்ப்பது ஆண்களுக்கு, அதுவும் உடம்புக்கல்ல, ஆன்மாவுக்கு என்றும் சொல்லி, தன் வேலைதான் அம்மாவுடையதைவிடப் பெரியது என்றும் முடித்துவிடுகிறார். ஃபைனரெட்டி என்ன சொன்னாள் என்று பிளேட்டோ எழுதி வைக்கவில்லை. பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிலிப் சிட்னி, தன் ஸானெட் வரிசையின் முதல் பாட்டிலேயே, பேச்சைச் சுமந்து பெறமுடியாமல் தவிக்கும் கர்ப்பிணியாகத் தன்னை வர்ணித்துக்கொள்கிறார். வரிசையாக இப்படியே வருகிறது. பெண்ணின் உடம்பிலிருந்து நோவை மட்டும் கழற்றி ஆணின் மேஜைமேல் வைப்பது.

நவீனத்துவம் இதை உடைத்திருக்க வேண்டும். உடைத்தது, ஆனால் நமக்குத் தெரியாத இடத்தில். மினா லாய் என்ற ஆங்கிலக் கவிஞர் பிரசவ நோவை அந்த நோவின் உள்ளிருந்தே ஒரு கவிதையாக எழுதி 1914-இல் வெளியிட்டார். அதில் ஆண் எங்கோ மாடிப்படி ஏறிப் போகிற சத்தமாக மட்டும் இருக்கிறான். கவிதை முழுக்கப் படுக்கையில் இருக்கிறது. வரிகள் சுருங்கி விரிகின்றன. எலியட்டின் புரூஃப்ராக் பத்திரிகையில் வந்தது அடுத்த வருஷம், 1915-இல். 1959-இல் 'எழுத்து' தொடங்கியதிலிருந்து புரூஃப்ராக்கின் சொட்டைத் தலை நம் சிறுபத்திரிகைகளில் வாங்கிய மரியாதையைக் கணக்குப் பாருங்கள். எலியட் வந்தார், பவுண்ட் வந்தார், காஃப்கா வந்தார். மினா லாய்க்கு பஸ் கிடைக்கவில்லை. 1962-இல் ஸில்வியா பிளாத் பிபிஸி வானொலிக்காக, ஒரு பிரசவ வார்டில் மூன்று பெண் குரல்கள் பேசுகிற நாடகக் கவிதையை எழுதினார். நமக்குப் பிளாத் என்றால் அடுப்பும் தற்கொலையும்தான். சாவு நமக்குச் சௌகரியமாக இருக்கிறது.

உண்மையிலேயே சாவு சௌகரியமாக இருக்கிறது. புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' நினைவிருக்கும். பிரமநாயகம் பிள்ளையோடு நம்மையும் அந்த அறைக்குள் உட்கார வைத்து, மனைவி சாவதை அருகிலிருந்து பார்க்க வைக்கிற கதை. தமிழில் அதற்கு ஈடாக நான்கு கதை சொல்வது கஷ்டம். அந்த அளவு நெருக்கத்தில் ஒரு பிரசவம்? லா.ச.ரா.வின் 'ஜனனி'யைச் சொல்வார்கள். அதில் பிறக்க ஆசைப்படுகிறவள் பராசக்தி. கதை பிறப்பவள் பக்கம் இருக்கிறது, பெறுகிறவள் பக்கம் இல்லை. புறநானூற்றில் பொன்முடியார், பெற்றுத் தருவதைத் தன் கடனாகச் சொல்லிவிட்டு உடனே தந்தை, கொல்லன், வேந்தன் என்று அடுத்தவர் கடன்களுக்குப் போய்விடுகிறார். நம் சினிமாவை விட்டுவிடுகிறேன். கதவு, கதவுக்கு வெளியே உலாத்துகிற புருஷன், வீறிடல், அப்புறம் குழந்தையின் அழுகை. தமிழ் நவீன இலக்கியத்தில் பிரசவம் என்றால் எனக்குத் திரும்பத் திரும்பக் கிடைப்பதும் இதே கதவுதான். கதைசொல்லி திண்ணையில் நிற்கிறார்.

திண்ணையில் ஏன் நிற்கிறார் என்பதற்கு நம் வீடுகளில் காரணம் உண்டு. தீட்டு. பிள்ளை பெற்றவளைத் தனியே கிடத்தி, இத்தனை நாள் கழித்துப் புண்ணியாகவாசனம் என்று வைத்திருந்த வழக்கம். கடவுளை உடைத்தோம், யாப்பை உடைத்தோம், குடும்பத்தைப் பிய்த்துக் காட்டினோம் என்று சொல்லிக்கொள்கிற நம் எழுத்து, பிரசவத் தீட்டை மட்டும் இன்றுவரை ஆசாரமாக அனுசரிக்கிறது. கொடியறுத்த மருத்துவச்சி எந்தச் சாதி என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பல ஊர்களில் அவள் நாவிதர் வீட்டுப் பெண். ஊரில் பாதிப் பேரை முதலில் தொட்ட கை அவளுடையது. அவள் புருஷன் சாவுச் சடங்குக்காவது கதைகளில் வருகிறான். அவள் அதற்கும் வருவதில்லை.

பெண்கள் எழுதவில்லையா என்று கேட்பீர்கள். எழுதினார்கள். 2000-ஐ ஒட்டிய வருஷங்களில் சல்மா, மாலதி மைத்ரி, குட்டி ரேவதி, சுகிர்தராணி என்று வரிசையாக வந்தபோது நடந்தது என்ன? குட்டி ரேவதியின் தொகுப்புக்கு 'முலைகள்' என்று பெயர் இருந்தது 2002-இல் ஊரையே கலக்கியது. ஆபாசமா அல்லவா என்று பெரியவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். பிள்ளை பெற்ற வயிற்றின் கோடுகள் சல்மாவின் கவிதைக்குள் வருகின்றன. அதைப் பற்றி எத்தனை விமர்சகர்கள் ஒரு பாரா எழுதினார்கள்? ஆதரித்தவர்களுக்கும் எதிர்த்தவர்களுக்கும் ஒரே உடம்புதான் கண்ணில் பட்டது, அவர்களுக்கு வேண்டிய உடம்பு. பெண் உடல்மொழி என்று ஒரு பெயர் வைத்ததோடு விஷயம் அடங்கிப் போயிற்று.

இன்னொரு ஆட்சேபம் வரும், அது கௌரவமானது. எழுதுவதற்கு அனுபவித்திருக்க வேண்டுமா, அப்படியானால் கொலைகாரன்தான் ராஸ்கால்நிகாவை எழுத முடியுமா என்பார்கள். நான் அதைச் சொல்லவில்லை. 'அன்னா கரீனினா'வில் கிட்டியின் பிரசவத்தைப் படியுங்கள். லெவின் உள்ளேயும் வெளியேயுமாக அலைகிறான், டாக்டர் நிதானமாகக் காபி குடிப்பது அவனுக்குப் புரியவில்லை, குழந்தையைப் பார்த்ததும் அவனுக்கு வருவது பாசம் அல்ல, அருவருப்பும் இரக்கமும் கலந்த ஏதோ ஒன்று. டால்ஸ்டாய்க்குத் தான் கதவின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று தெரியும். திண்ணையில் நின்றால் திண்ணையை எழுதுங்கள். திண்ணையில் நின்றுகொண்டு நோவு எனக்கும் எடுத்தது என்பவரிடம்தான் எனக்குச் சண்டை.

ஹெமிங்வேயின் 'இந்தியன் கேம்ப்' (1924) கதையில் இரண்டு நாளாக நோவில் கிடக்கும் செவ்விந்தியப் பெண்ணுக்கு டாக்டர் பேனாக்கத்தியால் ஆபரேஷன் செய்கிறார். மயக்க மருந்து இல்லை. அலறல் முக்கியமில்லை, அதனால் தன் காதில் அது விழுவதில்லை என்று மகனிடம் சொல்கிறார். மேல் படுக்கையில் கிடந்த புருஷன் அதைக் கேட்டுக் கேட்டுக் கழுத்தை அறுத்துக்கொண்டு செத்திருக்கிறான். உலகத்து விமர்சகர்கள் நிக் என்ற அந்தப் பையனைப் பற்றியும் சாவைப் பற்றியும் எழுதிக் குவித்திருக்கிறார்கள். பெண்ணுக்குக் கதையில் பெயர்கூட இல்லை. கத்தலை முக்கியமில்லை என்று ஒதுக்குகிற டாக்டரும், கத்தலை உருவகமாக எடுத்துக்கொள்கிற கவிஞரும் ஒரே காரியத்தைச் செய்கிறார்கள். இரண்டு பேருக்கும் அது காதில் விழவில்லை.

எங்கள் அறையிலும் அது விழவில்லை. கத்தியபோது, புருஷனோடு படுத்தபோது இப்படித்தான் கத்தினாயா என்று கேட்டார்கள். இந்தக் கேள்வி எங்கள் ஊருக்கு மட்டும் சொந்தமல்ல; தமிழ்நாட்டில் எந்தப் பெண்ணிடம் கேட்டாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவாள். கேட்ட அதே நர்ஸ்தான் கடைசி அரைமணி என் பாதத்தைத் தன் இடுப்பில் முட்டுக்கொடுத்து நின்றார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவருக்கும் அன்று இரவு நான்கு பேர். அம்மா வெளியே வராந்தாவில். திருச்சி மலைக்கோட்டையில், காவிரி வெள்ளத்தில் தாய் வந்து சேர முடியாமல் போக, இரத்தினாவதியின் பிரசவத்துக்கு ஈசனே தாயின் வேஷத்தில் உள்ளே போனார் என்பது தாயுமானவர் கதை. ஒரு ஆள் கூட வேண்டும் என்பது அந்தத் தெய்வத்துக்குத் தெரிந்திருக்கிறது. மத்திய சுகாதார அமைச்சகம் அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையை அனுமதிக்கச் சொன்னது 2016-இல். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் அதையே பரிந்துரைத்தது. காகிதம் வந்துவிட்டது. என் அம்மாவுக்குக் கதவு திறக்கவில்லை.

அந்த 19 மணி நேரத்தைப் பற்றி எழுதப்பட்ட ஒரே பிரதி ஒரு கட்டம் போட்ட தாள். 1955-இல் ஃப்ரீட்மன் என்ற அமெரிக்க டாக்டர் முதல் பிள்ளை பெறும் 500 பெண்களைக் கவனித்து ஒரு வளைகோடு வரைந்தார். 1972-இல், அன்றைய ரொடீஷியாவில், ஃபில்பாட்டும் காஸிலும் அதன்மேல் எச்சரிக்கைக் கோடு போட்டார்கள். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்க வேண்டும். கோட்டைத் தாண்டினால் கவலைப்பட வேண்டும். பெரிய ஆஸ்பத்திரி தொலைவில் இருக்கிற இடங்களில் அந்தக் கோடு உயிர் காத்திருக்கிறது, அதை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் எல்லாப் பெண்களும் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறப்பதில்லை, அது ஒரு சட்டம் அல்ல என்று 2018-இல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. நாங்கள் கோட்டுக்குப் பின்தங்கிய மாணவிகளாக நடத்தப்பட்டோம். வீட்டுக்கு அனுப்பும்போது தந்த சீட்டில் நார்மல் என்றிருந்தது. அதற்குத் தமிழில் சுகப்பிரசவம். கிழித்துத் தைத்த இடத்தில் உட்கார முடியாமல் பக்கவாட்டில் சரிந்துகொண்டு ஆட்டோவில் ஊர் வந்து சேர்ந்தேன். தெருவெல்லாம் சுகப்பிரசவமா என்று விசாரித்தது. என்ன பிள்ளை என்பது இரண்டாவது கேள்வி. பழைய தர்மபுரி ஜில்லாவில், தொட்டில் குழந்தைத் திட்டம் வரவேண்டியிருந்த மண்ணில், அந்தக் கேள்வியின் குரலில் இன்னும் ஒரு கனம் இருக்கிறது.

இதற்கெல்லாம் மாற்று, இயற்கை என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. பிரசவம் பூ மலர்வது மாதிரி என்கிறார்கள். 2018-இல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் செய்ய முயன்று ஒரு பெண் இறந்தாள். 2023 ஆகஸ்டில் எங்கள் போச்சம்பள்ளிப் பக்கத்திலேயே ஒரு கிராமத்தில் வீட்டில் பிள்ளை பெற்ற பெண் ரத்தம் போய் இறந்தாள். அங்கேயும் புருஷன் காணொளியைப் பார்த்துப் பிரசவம் பார்த்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. பூ மலர்வதில் ரத்தம் போவதில்லை. படைப்பு பிரசவம் என்பவருக்கும் பிரசவம் மலர்ச்சி என்பவருக்கும் இடையில் தூரம் அதிகமில்லை. முதலாமவர் ஆளைக் கொல்வதில்லை என்பது ஒரு வித்தியாசம். (பாரூரில் மீன்குஞ்சு உற்பத்திக்கு அரசாங்கத்து மையம் ஒன்று இருக்கிறது. தண்ணீரில் எவ்வளவு பிராணவாயு வேண்டும் என்று கணக்குப் பார்த்துச் செய்கிறார்கள். மீனை யாரும் மலர் என்று சொல்லிக் கேட்டதில்லை.)

நான் மருத்துவச்சியின் கைக்குத் திரும்பச் சொல்லவில்லை. 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. நூற்றுக்கு 45 சிசேரியன். முதல் எண்ணுக்காகச் சந்தோஷப்படுகிறேன், இரண்டாவதைக் கண்டு யோசிக்கிறேன். ஆனால் மருத்துவச்சிகளோடு ஒரு பாஷையும் போய்க்கொண்டிருக்கிறது. சூட்டுவலி என்ற சொல் எனக்கு ஒரு கிழவியிடமிருந்து கிடைத்தது: வந்துவிட்டுப் போய்விடுகிற பொய் நோவு, சீரகக் கஷாயம் கொடுத்தால் அடங்கும், நிஜ நோவென்றால் அடங்காமல் ஏறும். ஒரு வரியில் ஒரு சோதனைக்கூடம். நோவு இடுப்பில் எடுப்பதற்கும் அடிவயிற்றில் எடுப்பதற்கும், தலை திரும்புவதற்கும் இறங்குவதற்கும், நஞ்சு விழத் தாமதிப்பதற்கும் அவர்களிடம் தனித்தனிச் சொல் இருந்திருக்கிறது. அகராதிகளில் தேடினேன். யானையின் வயதுக்கும் பசுவின் ஈற்றுக்கும் இருக்கிற அளவு இதற்கு இல்லை. வட்டார வழக்கைப் பொக்கிஷமாகக் கொண்டாடுகிற நம் எழுத்தாளர்கள் வசவையும் சமையலையும் விவசாயத்தையும் டேப் போட்டுப் பிடித்தார்கள். இந்த அறைக்கு டேப்ரிகார்டர் வரவில்லை.

பாரூரைச் சுற்றி, பிரசவம் பார்த்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பவர்கள் எனக்குத் தெரிந்து இரண்டு பேர். ஒருவருக்குக் காது கேட்காது. இன்னொருவர் பேசுவது தெலுங்கும் கன்னடமும் கலந்த ஒரு பாஷை. அடுத்த மாதம் மாங்காய் சீசன் முடிந்ததும் வா, அதுவரை காவலுக்கு ஆள் இல்லை என்றிருக்கிறார்.